பத்து நாள் விதி

என் அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இருபத்திரண்டு வருடமாக ஒரே கடை, ஒரே சுழல் நாற்காலி. நாற்பத்தாறு வயதில் வயிறு உப்பிக்கொண்டு வந்தபோது வாயுத் தொல்லை என்று நான்கு மாதம் இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாளாம்.

"என்னம்மா, தெரியுதா?"

"பவர்ல தப்பில்ல டாக்டர். எனக்குத்தான் நம்ப முடியலை."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். ஆஸ்பத்திரிகளுக்கு நடந்து நடந்து ஓய்ந்து, அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதற்குப் பதிலாக இருவரும் முதுமைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏற்பாடு என்றால் சும்மா இல்லை. அத்தான் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை எழுதுபவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பது அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதே கையோடு கடைசிக் காலத்துக்கும் அட்டவணை போட்டார். இருந்த வீட்டை விற்று, ஐம்பத்தைந்து வயதானவர்களுக்கென்றே (தம்பதியில் ஒருவருக்கு ஆகியிருந்தால் போதும்) கட்டிய குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாங்கினார். குளியலறையில் கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்துக்குக் கதவு, படுக்கைக்குப் பக்கத்தில் சிவப்பு மணி, கீழே எந்நேரமும் ஒரு நர்ஸ்.

"நாளைக்கு யார் முகத்தையும் பார்த்து நிக்கக் கூடாது மாப்ள" என்பார் என்னிடம்.

அங்கே போன சில மாதங்களிலேயே அவரைச் சங்கச் செயலாளராக்கிவிட்டார்கள். விடுமுறைக்கு வந்த யாரோ பேரப்பிள்ளைகள் நடைபாதையில் பந்து விளையாடி ஒருவருடைய மூக்கைப் பதம் பார்க்க, கூட்டம் கூடியது. அத்தான் எழுந்து அங்கேயே ஒரு விதி எழுதினார்: பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் தொடர்ந்து பத்து நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. எழுதியதோடு விட்டிருக்கலாம். "விதிவிலக்கு கிடையாது" என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். "விதிவிலக்கு வெச்சா எந்த பஸ்ஸும் நேரத்துக்குப் போகாது" என்று மேஜையைத் தட்டினார். ஒரே கைத்தட்டல்.

அடுத்த வருடம் அக்காவுக்குப் பெண் பிறந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு கடிதம் எழுதி விலக்கு கேட்டிருப்பார்கள். அத்தான் நாள் எண்ணினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மடிப்புத் தொட்டில், பால் புட்டிகள், வெந்நீர்ப் பிளாஸ்க், டயப்பர் மூட்டை எல்லாவற்றையும் லிஃப்டில் ஏற்றி, இரண்டு தெரு தள்ளியிருந்த லாட்ஜில் போய் இறங்கினார்கள். மறுநாள் காலை அத்தனையோடும் திரும்பி வந்தார்கள். மறுபடி பத்து நாள். மறுபடி லாட்ஜ். போகும் தேதி, வரும் தேதி எல்லாம் அழகாகக் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்.

நான் போனில் கத்தினேன். "அத்தான், இது பைத்தியக்காரத்தனம். சங்கத்துல கேட்டா விட மாட்டாங்களா?"

"எழுதினவனே போய்ப் பல்லைக் காட்டினா மத்தவன் மதிப்பானா மாப்ள?"

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "விடுடா. லாட்ஜ் மேனேஜர் இவளுக்குன்னு ஒரு கொசுவலையே வாங்கி வெச்சிருக்காரு."

ஏழு மாதம் இப்படிப் போனது. கடைசியில், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் எழுத்துமூலம் புகார் கொடுத்தார்: இது விதியைப் பின்பற்றுவது அல்ல, விதிக்கே டிமிக்கி கொடுப்பது. அவர் சொன்னதில் தவறில்லை. நிர்வாகம் கூட்டம் போட்டது. நாற்பத்திரண்டு வீட்டில் இருபத்தெட்டு வாக்கு விழுந்தால் விதி மாறும். விழாவிட்டால் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

லீவு போட்டுக் கிளம்பினேன். பதினோரு மணி நேர விமானப் பயணத்தில் வேறு வேலையே இல்லாமல் வயதுகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். குழந்தைக்கு இருபது ஆகும்போது அக்காவுக்கு அறுபத்தேழு, அத்தானுக்கு எழுபத்தாறு. அப்போது இவர்களை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்; எனக்கே யாராவது கைபிடித்துவிட வேண்டியிருக்கும். வந்து இறங்கியதும் முதல் பேச்சாக, "பேசாம என்கூட வந்துடுங்கக்கா" என்றேன்.

"வந்து? உன் வீட்டுல படுக்கையறை மாடியில இருக்கு. எங்களை முதுகுல தூக்கிட்டுப் போவியா? போய் முகத்தைக் கழுவு."

கூட்டம் ஞாயிறு காலை, சாப்பாட்டுக் கூடத்தில். அத்தான் குழந்தையின் அழுகைக்கும் ஒரு அட்டவணை தயாரித்து வந்திருந்தார். ஒரு நாளைக்குச் சராசரி இருபத்தாறு நிமிடம். அதில் நடைபாதைவரை கேட்பது ஒன்பது. அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதற்குள் பேங்க்காரர் எழுந்தார்.

"அன்னிக்கு மேஜையைத் தட்டினீங்களே சார், விதிவிலக்கு வெச்சா பஸ் போகாதுன்னு. இப்ப உங்க பஸ்ஸே பாதி வழியில படுத்துடுச்சா?"

கூடம் சிரித்தது. அத்தான் தாள்களை மடித்தார்.

"தப்புத்தாங்க. யார் ஏறப்போறாங்கன்னு தெரியாமலே நேரம் எழுதிட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பேங்க்காரர் அக்காவின் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "உன்மேல கோபமில்லம்மா. இது துணையில்லாதவங்க இருக்கற இடம். உனக்குத்தான் கடவுள் ஒரு பொண்ணைக் கொடுத்துட்டாரே. வயசான காலத்துல அவ பார்த்துக்க மாட்டாளா? உங்களுக்கு எதுக்கு இந்த மணியும் நர்ஸும்?"

பலர் தலையாட்டினார்கள். விமானத்தில் நானும் ஏறக்குறைய இதைத்தான் நினைத்திருந்தேன்.

அக்கா எழுந்தாள். குழந்தையை, பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியையின் மடியில் வைத்தாள். அவர் அக்காவுக்கு எதிராக வாக்களிக்கப் போவதாக ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தவர். முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகள் சத்தம் கேட்டது போதும் என்பது அவர் கட்சி.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க டீச்சர். சார், நீங்க சொல்ற காரணத்துக்காகத்தான் நாங்க இங்கயே இருக்கணும்கறேன். அவளுக்கு இருபது வயசாகும்போது எனக்கு அறுபத்தேழு. இவருக்கு எழுபத்தாறு. அந்த வயசுல மத்த பசங்க ஊர் சுத்துவாங்க, காதலிப்பாங்க, கிடைச்ச வேலையை விட்டுட்டு வேற வேலை தேடுவாங்க. இவ மட்டும் எங்க பக்கத்துல உக்காந்து மாத்திரை எண்ணணுமா? அதுக்காக நான் இவளைப் பெக்கலை சார். அந்தக் கைப்பிடி, மணி, நர்ஸ், எல்லாம் எங்களுக்குன்னு நினைச்சுத்தான் வாங்கினோம். இப்பதான் புரியுது, எல்லாம் அவளுக்கு. அவ இந்த வாசலைத் தாண்டிப் போறப்ப, ஐயோ இவங்க என்ன பண்ணுவாங்களோன்னு திரும்பிப் பார்க்கக் கூடாது."

குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"வெளிய போன்னா போறோம். அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சதும் திரும்பி வருவோம். அப்ப எங்களை வாங்கன்னு சொல்ல உங்கள்ல எத்தனை பேர் இருப்பீங்கன்னுதான் தெரியலை."

எங்கோ பின்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரிக்க, சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

தலைமையாசிரியை எழுந்தார். அவருடைய கண்ணாடிச் சங்கிலி குழந்தையின் வாயில் இருந்தது.

"என் பையன் தினமும் போன் பண்ணி 'நான் அங்கேயே வந்துடட்டுமாம்மா'ங்கறான். 'வராதடா, எனக்கு இங்க எல்லாம் இருக்கு'ன்னு தைரியமா சொல்லணும்னுதான் நான் இந்த வீட்டை வாங்கினேன். இவளும் அதைத்தானே சொல்றா? எப்படி இல்லைன்னு சொல்றது?" அக்காவைப் பார்த்தார். "ஆனா சத்தம் போட்டா திட்டுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"தாராளமா திட்டுங்க டீச்சர். நானும் சேர்ந்துக்கறேன்."

கைகள் உயர்ந்தன. நிர்வாகி வரிசையாக எண்ணிக்கொண்டே வந்து பேங்க்காரரிடம் நின்றார். அவர் கை தலைக்கு மேல் போகாமல் காதருகே நின்றிருந்தது.

"சார், இது ஓட்டா, அரிப்பா?"

"ஓட்டுதான்யா. எழுதித் தொலை."

முப்பத்து நான்கு. நிர்வாகி இரண்டாவது தடவையும் எண்ணினார். அதே முப்பத்து நான்கு. அக்கா சொல்லச் சொல்ல அத்தான் புது விதியை எழுதினார்: இங்கு குடியிருப்பவர்களுக்குப் பிறக்கும் குழந்தை இங்கு குடியிருப்பவரே. அடியில் வேறு எந்த வரியும் சேர்க்கவில்லை.

அலுவலகத்தில், புதிதாக வருபவர்கள் எல்லாருக்கும் உள்ள அதே படிவத்தைத்தான் குழந்தைக்கும் கொடுத்தார்கள். அத்தான் ஒரு கேள்வியையும் விடவில்லை. செயற்கைப் பல் உண்டா? இல்லை, சொந்தப் பல் இரண்டு. நடக்க உதவி தேவையா? தற்போதைக்குத் தேவை. முந்தைய தொழில்? எதுவுமில்லை. நிர்வாகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு இவர்களுடைய பழைய படிவத்தையும் எடுத்துப் புரட்டினார். "அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய வாரிசுன்னு இருக்கற இடம் காலியா இருக்கே. பொண்ணு பேரை எழுதிடலாமா சார்?"

அத்தான் பேனாவை எடுத்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. அங்க நர்ஸ் நம்பரையே போடுங்க. இவளைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கலாம்."

அத்தான் நர்ஸின் எண்ணை எழுதி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அக்கா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு லிஃப்டைப் பார்க்காமல் படியில் ஏறினாள். மூன்று மாடி. எங்கேயும் நிற்கவில்லை. பின்னால் போன எனக்குத்தான் மூச்சு வாங்கியது.