முதுகில்லாத சட்டை

சரக்குக் கம்பெனி குமாஸ்தா ஓஸ்வால்ட் காலையில் நீலசந்திரா வீட்டிலிருந்து புறப்பட்டால் தெருவே அவரைத் துரை என்று நினைக்கும். காலர் விறைத்து நிற்கும். கோட்டுக் கைக்கு வெளியே வெள்ளைக் கஃப் அரை அங்குலம் எட்டிப் பார்க்கும். அந்தக் கோட்டுக்குள் சட்டையே கிடையாது என்பது அவர் மனைவி பிரிஜெட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆமாம், கிடையாது! கஞ்சி போட்ட ஒரு காலர், மார்பை மறைக்க ஒரு வெள்ளைத் துண்டு, மணிக்கட்டுக்கு இரண்டு கஃப், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எல்லாம் தனித்தனியாகவே கிடைத்தன. வெறும் முதுகில் நாடாவை முடிந்துவிடுவது பிரிஜெட்டின் வேலை. ஒரு சட்டைத் துணியில் இரண்டு பெண்களுக்கும் கவுன் ஆகிவிடும் என்று தொடங்கிய பழக்கம் அது. பெண்கள் கல்யாணமாகிப் போன பிறகும் மனிதர் விட்டாரா? "உள்ள இருக்கறத யார் பார்க்கப் போறா, பிரிஜெட்?" என்று சிரிப்பார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று.

1930களில் ஃபேஷன் புரண்டது. காலர் சட்டையோடேயே ஒட்டி வந்தது. ஆபீசுக்கு வந்த புதுப் பையன்கள் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஓஸ்வால்ட் மட்டும் ஏப்ரல் வெயிலிலும் பொத்தான் போட்ட கோட்டுக்குள் வேர்த்து வடிந்தார்.

"என்னா சார், கோட்ட கழட்டுங்களேன். சும்னே எதுக்கு இந்த பேஜாரு?" என்று அந்தப் புதுப் பையன்களில் ஒருவன், சேஷகிரி, தினமும் சீண்டுவான். கெட்ட பையன் இல்லை. வாய்தான் சும்மா இராது.

ஒரு மத்தியானம் ஓஸ்வால்ட் நாற்காலியிலிருந்து மயங்கி விழுந்தார். காற்றுப் படட்டும் என்று பதறிப்போய்க் கோட்டைக் கழற்றியவன் அதே சேஷகிரிதான். வெறும் முதுகையும் நாடா முடிச்சையும் ஆபீசே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ஓஸ்வால்ட்டுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "மானம் கப்பலேறிடுச்சு, பிரிஜெட். ஊர் வாய்க்கு உலைமூடி ஏது? இனிமே அந்தப் படி ஏறமாட்டேன்."

"ஏறுவீங்க. முழுச் சட்டை போட்டுக்கிட்டு, கோட்டு இல்லாம ஏறுவீங்க" என்றாள் பிரிஜெட். அன்றைக்கே பிரேசர் டவுனில் தையல்காரர் ரெமிஜியஸிடம் போய் நின்றாள்.

"முதுகு அகலம் என்னாக்கா?"

நாடா முடிந்த கைக்குத் தெரியாதா? "ரெண்டு சாண், நாலு விரல்" என்று காற்றில் அளந்து காட்டினாள். சனிக்கிழமை தருவதாகச் சொன்னார்.

"முதுகுக்கும் துணி வைக்கிறானா?" என்று வியாழக்கிழமை ராத்திரி கேட்டார் ஓஸ்வால்ட்.

"வைக்காம?"

மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப திங்கக்கிழமை போறேன்."

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவர் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது. ஆண்டவரே, திங்கட்கிழமை வரை பொறுக்கக் கூடாதா?

துக்கச் செய்தி கேட்டு, மீதித் தையலை அவசரமாக முடித்து, ரெமிஜியஸ் சட்டையோடு ஓடிவந்தார். அதற்குள் உடம்பு விறைத்திருந்தது. அடக்கத்துக்கு உடுத்திவிடக் மாதா கோயிலிலிருந்து வந்த யூஜின், வழக்கம்போலச் சட்டையின் பின்பக்கத்தைக் கிழிக்கக் கத்தரியை எடுத்தார். அப்படிச் செய்தால் முன்பக்கமாக மாட்டிவிடலாம்.

"படுத்திருக்கறவருக்கு முதுகு எதுக்குக்கா? யார் பார்க்கப் போறா?"

பிரிஜெட் பாய்ந்து கத்தரியைப் பிடுங்கினாள். "வெட்டாதீங்க! அந்த முதுகுக்காகத்தான் இந்தச் சட்டையே. இத்தனை வருஷம் முதுகில்லாமதான் போனாரு. இன்னிக்காவது முழுசாப் போகட்டும்."

வெந்நீரில் துணியை நனைத்து அவர் தோளைத் தேய்த்துத் தேய்த்து இளக்கினாள். கை மெல்ல மடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆபீசிலிருந்து வந்திருந்த சேஷகிரி அழுதுகொண்டே முதுகைத் தாங்கிப் பிடித்தான். சட்டை ஏறியது. முதுகில் ஒரு சுருக்கம் இல்லாமல் அவள் நீவிவிட்டாள்.

யூஜின் ஆணியிலிருந்து கோட்டை எடுத்து வந்தார்.

"அது வேணாம்" என்றாள் பிரிஜெட். "அவருக்கு வேர்க்கும்."