செல்லசாமி மூக்கைக் கழுவிய கதை

என் அக்காள் புருஷன் செல்லசாமிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் அவருக்கு அடுத்த காம்பரா அறையில்தான் நான் குடியிருந்தேன். மனுஷர் வாசலுக்கும் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குமாக நடந்துகொண்டே இருப்பார். உட்கார்ந்தால் நெஞ்சு இழுக்கும், படுத்தால் இருமல் பிடுங்கும். பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும்.

தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலிக்கிற அறையில் அவருக்கு வேலை. உள்ளே போனவன் இமை மயிர்கூடப் பழுப்பாகித்தான் வெளியே வருவான், அவ்வளவு தூசி. ஆனாலும் அந்த வேலைமேல் அவருக்குக் கொள்ளை ஆசை. அங்கே மழை இல்லை, அட்டைக்கடி இல்லை, கங்காணியின் வாய் இல்லை.

அறுபத்தொன்றாம் வருஷம், சிவனொளிபாதமலைக்குப் போகிற சாமியார் ஒருவர் எங்கள் கோயிலில் தங்கினார். மச்சானுடைய இழுப்பைப் பார்த்துவிட்டு, "உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கும். அழுக்கு வெளியேற வழி விடு, போதும்" என்று சில கிரியைகளைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஜமால்தீன் கடையில் மூக்கு வைத்த கெண்டி ஒன்று வாங்கினார். விடிந்ததும் பீலியடியில் தலையைச் சாய்த்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் ஊற்றி மறு மூக்கு வழியாக விடுவார். பிறகு அதே உப்புத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்து, குனிந்து நின்று ஓங்கரித்து வாந்தி எடுப்பார். "கருமம், இங்கதானா எடுக்கணும்?" என்று குடத்தோடு வந்த பெண்கள் கத்துவார்கள். அவர் காதிலேயே விழாது. மூக்கிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வரும்.

"பாத்தியா மாப்ள, நோவு வெளிய போகுது" என்பார் என்னிடம்.

அந்த வருஷம் வெயில் காய்ந்து கொழுந்து குறைந்தது. தொழிற்சாலை பாதிக்குமேல் மூடிக் கிடந்ததால், இவரை மலையில் நீளப் பல் வைத்த இரும்பு முள்ளால் மண் குத்துகிற வேலைக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் இருமல் நின்றது. மூக்குத் தண்ணீர் தெளிவாக வந்தது. மனுஷர் படுத்துத் தூங்கினார், ஐயா!

"சாமியார் வைத்தியம் பலிச்சிருச்சு மாப்ள. இனிமே தூசி என்னை ஒண்ணும் பண்ணாது" என்றார். மழை பிடித்ததும் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பழைய அறைக்கே போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "தூசியில நிக்காததாலதான் நல்லாச்சு மச்சான். மண்டையில ஏறலையா ஒங்களுக்கு?"

"மூக்கக் கழுவாத பயலுக்கு என்னாடா தெரியும்?"

பழுப்பு திரும்பி வந்தது. இழுப்பு முன்னைவிட மோசமாக வந்தது. ஒருநாள் காலையில் பீலியடியில் மூச்சு அடைத்து உதடு நீலம் பாரித்துவிட்டது. நானும் அக்கா நாகலெட்சுமியும் தாங்கிப் பிடித்தோம். ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன். அவரோ கொஞ்சம் தேறியதும், "பழைய அழுக்கு இன்னும் எவ்வளவு இருக்கு பாரு" என்று மறுபடியும் கெண்டியைத் தேடினார்.

அக்கா அதைப் பிடுங்கினாள். கழுவினாள். அதே உப்புத் தண்ணீரை ஊற்றித் தன் தலையைச் சாய்த்தாள். புரையேறியது, கண்ணில் நீர் கொட்டியது, அவள் விடவில்லை. மூக்கு வழியாக வந்ததை வெள்ளைப் பேசின் கிண்ணத்தில் பிடித்து அவர் முன்னால் வைத்தாள். பளிச்சென்ற தண்ணீர்.

"நானும் இதே தோட்டந்தான். இதே பீலித் தண்ணி, இதே கஞ்சி. அந்தப் பழைய அழுக்கு எனக்கு ஏங்க வரல?"

அவர் அந்தத் தண்ணீரையே பார்த்தார்.

"அப்ப நான் நோவக் கழுவல" என்றார். "தொரையோட தூளத்தான் கழுவியிருக்கேன்." சொல்லிவிட்டு, பீலியடியில் நின்ற அத்தனை பெண்களும் பார்க்க அழுதார்.

மறுநாள் விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் மலை வேலைக்கு வந்து நின்றார். "என்ன செல்லசாமி, பேக்டரியில வெரட்டிட்டாங்களா?" என்று மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் முள்ளை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் மேட்டில் ஏறத் தொடங்கினார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார், மறுபடி ஏறினார். நான் கை கொடுக்க ஓடினேன்.

கொழுந்துக் கூடையோடு நின்ற அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினாள். "விடுறா, மெதுவா ஏறட்டும்."