புரூயிட் பேசிய மாலை

தோரா ஆமுண்ட்சனும் நானும் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். டகோட்டாவின் கோதுமைக் காட்டிலிருந்து வந்தவள். ஆணின் குரல்போலக் கனத்த குரல். பல்கலைக்கழக விவாதப் போட்டியில் ஒருமுறை பேச வேண்டும், பேசியது தோரா என்று ஊர் அறிய வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. விவாதக் கழகத்திலோ பெண்களுக்கு இடமில்லை. மேல்மாடத்து இருட்டில் உட்கார்ந்து கைதட்டலாம், அவ்வளவுதான்.

செத்தவனுக்கு இடமிருந்தது. வெண்டல் புரூயிட் என்ற மாணவன் முன்பொரு போட்டியில் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையில் விழுந்து இறந்துபோனான். அன்றிலிருந்து அவனுக்காக ஒரு காலி நாற்காலி. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் உறுப்பினர் பெயர்களை வாசித்துவிட்டுக் கடைசியில் அவன் பெயரையும் கூப்பிடுவார்கள். பதில் வருமோ என்று கூடமே மூச்சடக்கிக் காத்திருக்கும். இத்தனைக்கும் எல்லோரும் வேதியியலும் கணிதமும் படித்தவர்கள்.

1912 பனிக்காலத்தில் அயோவாவிலிருந்து ஓர் அணி வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்பது பொருள். வேண்டும் என்று பேச எங்களுக்குச் சீட்டு விழுந்திருந்தது. எங்கள் கடைசிப் பேச்சாளன் வந்த ரயில் பனியில் சிக்கிக்கொண்டது. பெயர் வாசிக்கும்போது பதில் சொன்னவர் மட்டுமே பேசலாம் என்பது விதி. வேறு எவனும் தயாராக இல்லை. ஆளில்லாவிட்டால் தோல்வி.

"வெண்டல் புரூயிட்" என்று கூப்பிட்டான் கழகத் தலைவன் பாஸெட்.

"இருக்கேன்."

குரல் மேல்மாடத்து இருட்டிலிருந்து வந்தது. முன்வரிசையில் ஒருவன் ஜெபத்தை முணுமுணுத்தான். மாடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோராவைக் காணவில்லை. தூணுக்குப் பின்னால் எப்போது போனாளோ. அவள்தான் என்று தெரிந்தும் எனக்கு முதுகு சில்லிட்டது.

எங்கள் அணியின் கடைசிப் பேச்சாளன் பேச வேண்டிய முறை வந்தது. பாஸெட் நிமிர்ந்து பார்க்காமல், "புரூயிட் பேசலாம்" என்றான்.

"செத்த எனக்கு மேடையிலயே நாற்காலி போட்டிருக்கீங்க" என்றது இருட்டு. "உயிரோட இருக்கிற பொண்ணுங்களுக்கு எங்க போட்டிருக்கீங்க?"

அதன்பின் அந்தக் குரல் முடிக்கும்வரை யாரும் இருமக்கூட இல்லை. மூன்று நடுவர்களும் எங்களுக்கே வாக்களித்தார்கள்.

தோரா படியிறங்கி நேரே பாஸெட்டிடம் போனாள். "பேசினது நான்தான்."

"தெரியும், மிஸ் ஆமுண்ட்சன். வெளிய சொன்னா நாம ஜெயிச்சது செல்லாது."

"அப்ப யார் பேசினதா சொல்லுவீங்க?"

"புரூயிட்." அவன் சிரிக்கவில்லை. "செத்தவன் பேசக் கூடாதுன்னு விதி இல்லையே. பொண்ணு பேசக் கூடாதுன்னு இருக்கு."

அவள் எல்லோரிடமும் சொன்னாள். ஆவி பேசியது என்று நம்பினார்கள். பெண் பேசினாள் என்பதை மட்டும் நம்பவில்லை. அந்த ஊர் நூலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். புரூயிட்டின் ஆவியைப் பற்றிப் புத்தகம் உண்டா என்று புது மாணவர்கள் அவளிடமே வந்து கேட்டார்கள்.

தலை நரைத்த பிறகு ஒரு மாலை இருவரும் அதே மாடத்தில் போய் உட்கார்ந்தோம். புரூயிட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். கூடம் உறைந்தது.

"இங்கேருந்துதான் அது பேசிச்சாம்" என்றாள் தோராவின் மறுபக்கம் இருந்த மாணவி. "உங்களுக்குப் பயமா இல்லையா, மேடம்?"

"பேசினது நான்தாம்மா."

அந்தக் கனத்த குரலைக் கேட்டதும் மாணவியின் முகம் வெளுத்தது. மெல்ல நகர்ந்து பெஞ்சின் கோடிக்குப் போனாள். போகும்முன், தோராவின் கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.