நுனி ஒடிந்த வெண்டைக்காய்

காய்கறி வாங்குவதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. எதற்கெடுத்தாலும் குற்றம் சொல்லும் மாமியார்கூட இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பாள், கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பி ஓட்டை இருக்கிறதா என்று தேடுவாள். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்க்காமல் விடமாட்டாள். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, பைக்குள் போகும். ஒடியாமல் அடம்பிடித்துப் பிய்ந்தால் முற்றல், குவியலுக்கே திரும்பும். காய்க்காரி, "எல்லாத்தையும் ஒடிச்சுட்டுப் போனா மிச்சத்தை யாரும்மா வாங்குவாங்க?" என்று கத்துவாள். இவளும் சளைக்காமல் திருப்பிக் கத்துவாள். மறுநாள் அதே கடைக்குத்தான் போவாள்.

வீட்டுக்காரர் வேலை பார்க்கும் வெளிநாட்டு நகரத்துக்கு அவள் வந்தபோது இந்தப் பழக்கமும் கூடவே விமானம் ஏறி வந்துவிட்டது. அவருக்கு ஒரு பெரிய கடையில் காய்கறி அடுக்கும் வேலை. விடிவதற்கு முன்பே போய் தட்டுகளை நிரப்பிவிட்டு, அப்புறம் பின்பக்கத்துக் குளிர் அறையிலேயே கிடப்பார். அவளுக்கு வழி தெரிந்த கடையும் அது ஒன்றுதான். அந்த ஊர் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் வெண்டைக்காய்க்குப் பாஷை எதற்கு? முதல் நாள் கொஞ்சம் தயங்கி, அக்கம்பக்கம் பார்த்து ஒன்றை ஒடித்தாள். கடைப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி நகர்ந்துவிட்டாள். யாரும் கத்தவில்லை. எவ்வளவு பெரிய மனசு இந்த ஜனங்களுக்கு என்று அவள் பூரித்துப்போனாள். இங்கே முகத்துக்கு நேரே யாரும் கத்த மாட்டார்கள், பின்னால் போய்க் கேமராவைப் பார்ப்பார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது?

ஒருநாள் சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாக, கொடுத்த டீயைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்.

"எவளோ தெரியல, தினமும் வெண்டைக்காய் நுனியை எல்லாம் ஒடிச்சுப் போட்டுட்டுப் போறா. பாதிக்குப் பாதி குப்பைக்குப் போகுது."

அவள் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "யாரா இருக்கும்?" என்றாள்.

"நம்ம ஆளுங்கதான். வேற யாருக்கு இந்த வித்தை தெரியும்? சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் என்னைப் பார்த்து 'உங்க ஊர்க்காரங்களா?'ன்னு கேட்டுட்டான். எங்க ஜனங்க மானஸ்தங்க, இப்படியெல்லாம் பண்ண மாட்டாங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில கேமராவைப் போட்டுப் பார்க்கப் போறாங்க. நானும் நின்னு ஆளை அடையாளம் காட்டணுமாம்."

"அப்படிப்பட்டவ கையை ஒடிக்கணும்" என்று அவள் வாய் முந்திக்கொண்டது.

"அதானே!" என்று அவர் அப்போதுதான் டீயை எடுத்தார்.

சொன்னது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒடித்தது தெரியாமல் செய்த பிழை, இது தெரிந்தே செய்தது. சாப்பாடு போடும்போது, "என்னங்க" என்று ஆரம்பித்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு."

அதோடு போயிற்று. காலையில் அவர் கிளம்பிப் போன பிறகு உட்கார்ந்து யோசித்தாள். கூட வேலை செய்கிற அத்தனை பேருக்கும் நடுவில், திரையில் பெண்டாட்டியைப் பார்த்து அவர் நிற்பதை நினைக்கவே உடம்பு கூசியது. தானே முந்திக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஒத்துக்கொண்டால் கேமராவுக்கு வேலையில்லை. வீட்டுக்காரர் குளிர் அறைக்குள் இருப்பார், அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த நப்பாசையில்தான் கடை திறந்ததும் போய் நின்றாள்.

சூப்பர்வைசர் இடுப்பில் சாவிக்கொத்தோடு காய்கறிப் பக்கமே நின்றிருந்தான். அவன் முன்னால் போய் ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தாள். விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினாள். அவன் மலங்க மலங்க விழித்துவிட்டு, பின்பக்கம் திரும்பி யாரையோ உரக்கக் கூப்பிட்டான். பேசத் தெரிந்த ஆளைத்தான் கூப்பிடுகிறான் என்பது அவளுக்கு உறைப்பதற்குள், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் வந்து நின்றார்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த காயைப் பார்த்தார்.

"யாரோ எவளோன்னு சொல்லிடுங்க" என்றாள் அவள், தலையைக் குனிந்தபடி, உதடு அசையாமல்.

அவர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பி அந்தப் பாஷையில் ஏதோ சொன்னார். ஒரே ஒரு வரிதான். அன்றைக்குச் சிரித்த கடைப் பெண் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ‘என் பெண்டாட்டி’ என்றுதான் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாரோ எவளோ என்று கைகழுவியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சூப்பர்வைசர் கத்தவில்லை. அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டில் அவர் கூனிக்குறுகியதை அவள் பார்த்தாள்.

சாயங்காலம் அவர் ஒரு பை நிறையக் காயோடு வந்தார். எல்லாம் நுனி ஒடிந்தவை.

"குப்பையில கொட்ட இருந்தாங்க. நானே வாங்கிட்டேன்" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

நறுக்கி வதக்கினாள். அத்தனையும் அவள் கையாலேயே தள்ளிய முற்றல். பேச்சுக்குக்கூட நடுவில் ஒரு பிஞ்சு இல்லை, அந்தக் கைதான் தப்பே செய்யாதே! ஒரு வாய் வைத்ததும் நார் பல்லில் சிக்கியது. அவரோ மென்றுகொண்டே இருந்தார். துப்பவில்லை, ஒதுக்கவில்லை, தட்டில் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினார்.

அவள் நிமிர்ந்து பார்க்காமலேயே போட்டாள்.