ஒரே குழாயில் நின்ற இருபத்துமூன்று

தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரே குழாய். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். பதினோரு வீட்டுக் குடங்கள் வரிசையில் காத்திருக்கும். அந்த வரிசையில்தான் அம்மா என் ஆராய்ச்சியைத் தம்பட்டம் அடித்தாள். "எம் மவ கண்டுபுடிச்சிட்டா. அடுத்த மாசம் டாக்டர் பட்டம்." எதைக் கண்டுபிடித்தேன் என்று கேட்டவர்களுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

செல்லுக்குள் புரதங்கள் தனியாக வேலை செய்வதில்லை; ஒன்றோடொன்று சேர்ந்துதான் செய்யும். எது எதோடு சேர்கிறது என்று பலர் சோதித்து வைத்த பட்டியல்களை ஒன்றாக்கினால் பெரிய வலை ஒன்று கிடைக்கும். அதில் இணைப்புகள் நெருக்கமாக இருக்கும் இடங்களைக் கணினி நிரல் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்துத் தரும். நெருக்கமாக இருப்பவை ஒரே வேலையைச் செய்பவை என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கு இருபத்துமூன்று புரதங்கள் உள்ள கூட்டம் ஒன்று அகப்பட்டது. இதுவரை யாரும் சொல்லாதது. என் ஆய்வேடே அதுதான். பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சிப் பதிவை இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. அந்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

ஒரு நாள் குழாயடியில் அம்மாவுக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் சண்டை. இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குடம் இடித்தால் மட்டும் வாய் திறப்பார்கள். ஒரே குடும்பமா என்று வழியில் போன ஒருவன் இந்தியில் கேட்டான்.

"குடும்பமாம். குழா ஒண்ணுதான் இருக்கு, அதான் சேந்து நிக்கோம்" என்றாள் அம்மா.

என் இருபத்துமூன்றும் இப்படித்தான் சேர்ந்து நிற்கின்றனவோ என்று பட்டது. அடித்துப்பிடித்து பஸ் ஏறி செம்பூரில் இருந்த ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தேன். என் இருபத்துமூன்றின் இணைப்புகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே ஆய்வுக் குழுவின் பட்டியலிலிருந்து வந்தவை. அவர்கள் அந்த இருபத்துமூன்றையும் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சோதித்திருந்தார்கள். மற்றவற்றோடு சோதிக்கவே இல்லை. அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு நிரலை ஓட்டினேன். கூட்டம் கலைந்துவிட்டது. முதல் வாரமே பார்த்திருக்க வேண்டிய விஷயம். கிடைத்த கூட்டம் அழகாக இருந்ததால் நான் பார்க்கவில்லை. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. வழிகாட்டி மேடத்துக்குத் தெரியாது, தேர்வாளர்களும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டால் பட்டம்.

கொடுக்க வேண்டிய நாளன்று அம்மா சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். குடத்தோடு வரிசையின் கடைசியில் நின்றேன். குழாயடியிலிருந்து எதிர்வீட்டு அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, இன்னைக்குத்தான கொடுக்கணும்? மூஞ்சி ஏன் இப்பிடிக் கெடக்கு?"

"தப்பாப் போச்சுக்கா. அது கூட்டமே இல்ல. மேடத்துட்ட சொன்னா பட்டம் கெடையாது."

"சொல்லப் போறியா?"

ஆமென்று தலையாட்டினேன். அதுவரை அதை நானே முடிவு செய்திருக்கவில்லை.

அவள் பாதி நிறைந்த தன் குடத்தை நகர்த்திவிட்டு, என்னை முன்னால் கூப்பிட்டு என் குடத்தை வாங்கிக் குழாய்க்குக் கீழே வைத்தாள். வரிசையில் நின்ற யாரும் முணுமுணுக்கவில்லை. "மொதல்ல நீ புடி. பஸ்ஸ விட்டுறாத. உங்க அம்மைட்ட நான் பேசிக்கிடுதேன்."

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அத்தியாயத்தை எடுத்துத் தனியே வைத்தார். மிச்சமிருந்ததைக் கொண்டு பட்டம் வாங்க முடியாது என்றார். சாயங்காலம் வீடு திரும்பியபோது அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் எங்கள் வாசற்படியில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே நகர்ந்து நடுவில் எனக்கு இடம் விட்டார்கள்.