நடுப்படம்

முத்துலிங்கத்துக்குச் செவ்வாய்க் கிரகத்தில் ஓடுகிற வண்டியைப் பற்றித் தெரிந்த அளவுக்கு தன் வீடு இருக்கிற மஹய்யாவைக்குப் போகிற பஸ்ஸைப் பற்றித் தெரியாது. கடை பூட்டும் நேரத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட வேண்டும். எங்கள் இருவரில் முதலாளி நான் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் என் வாப்பா தொடங்கிய ஸ்டூடியோ அது. அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், கல்யாண வீடியோ. கேமரா தூக்கிக்கொண்டு அலைவது நான். அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, மனிதர் பார்க்கிற மாதிரி ஆக்குவது முத்துலிங்கம். சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்று எல்லார் வீட்டுக் கல்யாணமும் அவன் கையால்தான் போகும். அவன் மட்டும் கல்யாணம் கட்டவில்லை. கேட்டால் "பாப்போம் நானா" என்பான். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நானா என்றால் எங்கள் ஆட்கள் பேச்சில் அண்ணன்.

இரண்டாயிரத்து நாலில் அமெரிக்காக்காரன் செவ்வாயில் இரண்டு வண்டிகளை இறக்கினான். அவை எடுத்து அனுப்புகிற படங்களைச் சுடச்சுட இணையத்தில் போட்டான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யார் எடுப்பார்கள் என்று நினைத்தானோ தெரியாது, என் கடையில் ஒருவன் எடுத்தான். போன் லைனை மணிக்கணக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்குவான். எல்லாம் கறுப்பு வெள்ளை. கல், மணல், மறுபடியும் கல். வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் ஒரு படம். அவற்றை வரிசையாக அடுக்கி ஓட விட்டால், அந்த வண்டியில் நாமே உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு குட்டிச் சினிமா வரும். உலகம் பூராவும் இதையே பொழுதுபோக்காக வைத்திருந்த ஒரு கூட்டம் இருந்தது. நெதர்லாந்தில் ஒரு பல் வைத்தியர், ஜப்பானில் ஒரு ரயில் சாரதி, இப்படி. ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துக் குற்றம் குறை சொல்வார்கள். யாருக்கும் ஐந்து சதம் வருமானம் இல்லை.

"செவ்வாயில ஈக்கிற எவனாச்சும் கல்யாணத்துக்கு ஓடர் தருவானாடா?" என்று கேட்டேன்.

"பாப்போம் நானா."

ஆனால் வண்டி அனுப்புகிற படங்கள் போதாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது வெகுதூரம் போயிருக்கும். ஓட விட்டால் நொண்டி நொண்டி ஓடும். அதற்கு முத்துலிங்கம் கல்யாண வீட்டு வித்தையைக் கையில் எடுத்தான். மாலை மாற்றும் காட்சியை மெதுவாக ஓட விடும்போதும் இதே பிரச்சினைதான், கேமரா எடுத்த படங்கள் பற்றாது. அப்போது கம்ப்யூட்டர் முன்னால் உள்ள படத்தையும் பின்னால் உள்ள படத்தையும் கலந்து, நடுவில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தானாகவே ஒன்றைச் செய்து சொருகிவிடும். அதற்கு அவன் வைத்த பெயர் நடுப்படம். ஓடும்போது யாருக்கும் தெரியாது. நிறுத்திப் பார்த்தால்தான் வம்பு. பேராதனை மாப்பிள்ளை ஒருவருக்கு நடுப்படத்தில் ஏழு விரல் விழுந்து, அவரைப் பெற்ற உம்மா கடைக்கே வந்து என்னைக் கிழித்துவிட்டுப் போனார். பல் வைத்தியருக்கும் நடுப்படம் ஆகாது. செவ்வாயில் இல்லாத கல்லை எல்லாம் நீ போடுகிறாய் என்று எழுதுவார். முத்துலிங்கம் அதைப் படித்துவிட்டுத் தனக்குள் சிரிப்பான்.

வீட்டில் அவனும் அம்மா மூக்காயியும் மட்டும், அப்பா காலமாகிவிட்டார். நாவலப்பிட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த குடும்பம். தமிழருக்கு எதிரான எழுபத்தேழு கலவரத்தில் லயத்தைக் கொளுத்தினார்கள். அப்போது அவனுடைய அக்கா ரத்தினம்மா புதுப்பெண். இனி இந்தப் பக்கமே வேண்டாம், தமிழ் ஊருக்குப் போய்விடுவோம் என்று புருஷன் அவளைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். காடு வெட்டினால் காணி கிடைக்கும் என்று அந்த நாளில் மலையகத்திலிருந்து நிறையப் பேர் அப்படிப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் சின்னப் பையனான முத்துலிங்கத்தை இழுத்துக்கொண்டு மஹய்யாவையில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். உயிருக்குப் பயந்து ஓடியவள் யுத்தத்துக்கு நடுவில் போய்க் குடியிருந்தாள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. சமாதானம் பேசிய காலத்தில் பாதை திறந்தபோது ஒரே ஒரு தடவை வந்து ஒரு வாரம் நின்றாள். பிறகு போனில் பேச்சு. இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் போனும் நின்றது.

கிளிநொச்சியை ராணுவம் பிடித்த அன்று பக்கத்துக் கடையில் வெற்றிக்காக எல்லாருக்கும் கிரிபத் என்கிற பாற்சோறு கொடுத்தார்கள். முத்துலிங்கம் வாங்கித் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தான். நான்தான் என் பங்கைத் தொடாமல் மூடி வைத்தேன்.

"ஒனக்கு ஒண்டுமே இல்லையாடா?" என்று ஏசினேன்.

"என்ன செய்யச் சொல்றீங்க நானா?" என்றான். கோபமாகவும் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் மடக்கி வைத்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தான் ஆள். வீட்டிலும் அப்படித்தான் என்று மூக்காயி அம்மா என்னிடம் குறைப்பட்டார். "சோறு போட்டா திங்கிறான் மொதலாளி. போடாட்டி கேக்க மாட்டேங்கிறான்." செவ்வாய்ப் படங்கள் மட்டும் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பாலைவனத்தில் மனிதர் யாரும் இல்லாதது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரலில், சண்டை நடந்த இடத்திலிருந்து சனம் வெளியே வருவதை டிவியில் காட்டினார்கள். இடுப்பளவு தண்ணீரில், தலையில் பையும் தோளில் பிள்ளையுமாக ஆயிரக்கணக்கான பேர். முத்துலிங்கம் அதை அப்படியே கம்ப்யூட்டரில் பதிவு செய்தான். தமிழன் கையில் சண்டைப் படம், அதுவும் என் கடையில்! நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் காவல் நின்றேன். அவன் பாட்டுக்குக் கைப்பழக்கத்தில், மாலை மாற்றுவதை மெதுவாக்குகிற மாதிரி அதையும் மெதுவாக்கி, ஒவ்வொரு படமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனான். சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் அதே வேலை. ஒரு நாள் மத்தியானம் உள்ளேயிருந்து கத்தினான்.

"நானா! அக்கா! எங்க அக்கா நானா! ஓடியாங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கலங்கலான ஒரு முகம், பாதி திரும்பி எங்களைப் பார்த்தது. நான் ரத்தினம்மாவைக் கண்டதில்லை. ஆனால் முத்துலிங்கம் பல்லெல்லாம் தெரியச் சிரித்ததைக் கண்டேன். உடனே த்ரீவீலர் பிடித்துப் போய் மூக்காயி அம்மாவைக் கூட்டி வந்தேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகனை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"நல்லா பாரும்மா. அக்காதானே?"

"ஆமாடா. நம்ம ரத்தினந்தான்."

அதற்குப் பிறகு அவன் வேறு ஆளாகிவிட்டான். கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான். கடைக்கு வருகிறவர்களிடம் வாயாடினான். யுத்தம் முடிந்து கண்டி முழுவதும் பட்டாசு வெடித்தபோது, வெளியே வந்த சனம் செட்டிகுளம் முகாமில் இருக்கிறதாம் என்று எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டு திரிந்தான். அதே நாட்களில் செவ்வாயில் ஒரு வண்டி மணலில் புதைந்து நின்றுவிட்டது. அந்தக் கூட்டமே துக்கத்தில் இருந்தது. பல் வைத்தியர் அழாக்குறையாக எழுதியிருந்தார். "அதெல்லாம் வெளிய வந்துரும் நானா" என்றான் முத்துலிங்கம்.

முகாமின் முள்கம்பிக்கு வெளியே நின்று சொந்தக்காரரைப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டதும் போகத் தீர்மானித்தோம். உள்ளே இருப்பவர்களிடம் காட்டிக் கேட்க அந்த முகத்தைப் படமாக அச்சுப் போட வேண்டும். கொஞ்சம் தெளிவாக வரட்டும் என்று, மெதுவாக்குவதற்கு முன் இருந்த அசல் பதிவைத் திறந்தான்.  பிறகு என்னைக் கூப்பிட்டான்.

அசலில் அந்த முகம் இல்லை. ஒரு படத்தில் ஒருத்தி குனிந்தபடி வருகிறாள். அடுத்த படத்தில் அவள் விலகிவிட, பின்னால் வந்த இன்னொருத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். இரண்டு பேரும் யாரோ.

"நடுப்படம் நானா. கம்ப்யூட்டர் போட்டது" என்றான். சிரிப்பு, வாயாட்டம் எல்லாம் அன்றோடு போயிற்று.

"உம்மாட்டச் செல்லிரு" என்றேன்.

"எப்புடி நானா சொல்ல? அந்த மொகத்த நம்பித்தான் அவங்க உயிரோட இருக்காங்க."

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவன் மேலா, கம்ப்யூட்டர் மேலா, யார் மேல் என்று தெரியவில்லை. அவன் படத்தைப் பெரிதாக்கிப் போட்டான். நான் அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன்.

மதவாச்சிச் சாவடியில் நாங்கள் போன வாடகை வேனை ராணுவம் நிறுத்திவிட்டது. அதற்கு மேல் சோதனைகளில் இறங்கி ஏறி, பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். கம்பிக்கு அந்தப் பக்கமும் சனம், இந்தப் பக்கமும் சனம். எல்லாரும் யாராவது ஒருவருடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மூக்காயி அம்மா படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கம்பி ஓரமாக நடந்தார். பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். முத்துலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் சனத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, இது எங்கட பத்மாக்கா! இதை எங்க எடுத்தனீங்கள்? அக்கா உயிரோட இருக்கிறாவோ? சொல்லுங்கோ!"

முத்துலிங்கம் நிமிர்ந்தான்.  அவனுக்கும் எனக்கும் தெரியும், அந்த முகத்தில் பாதி அவளுடைய அக்காவாக இருக்கலாம். ஆனால் அதை அங்கே சொன்னால் மூக்காயி அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அம்மாவைப் பார்த்தான்.

மூக்காயி அம்மா படத்தைச் சுருட்டிக் கம்பிக்குள்ளால் நீட்டினார். "இந்தா, நீயே வச்சுக்கம்மா. தண்ணியத் தாண்டி வந்துட்டா. டிவியில காட்டுனாங்க. தேடிப் பாரு, கெடைப்பா."

அந்தப் பெண் படத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நாங்கள் திரும்பி பஸ்ஸுக்கு நடந்தோம்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட் கிடைத்தது. அம்மாவும் மகனும் பின்னால் இருந்தார்கள். முதல் சோதனைச் சாவடி தாண்டிய பிறகு முத்துலிங்கத்தின் குரல் கேட்டது.

"அம்மா, அந்தப் படத்துல இருந்தது அக்கா இல்ல."

"தெரியும்டா."

"அது கம்ப்யூட்டர்ல..."

"அது எதுவோ. அக்கா மாசி மாசமே போயிட்டா. அவ ஊட்டுக்குப் பக்கத்துல இருந்த பொம்பள வவுனியா ஆஸ்பத்திரியிலருந்து நம்ம பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணிச்சு. ஷெல் விழுந்து அவளும் புருஷனும் ஒண்ணாவே போயிட்டாங்களாம்."

  நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ இருந்த இருப்புக்கு எப்புடிடா சொல்றது? அப்புறம் நீயே படத்தக் காட்டி அக்கா அக்கான்னு சிரிச்ச. இல்லேன்னு சொல்ல வாய் வரல."

பஸ் அடுத்த சோதனைக்கு நின்று புறப்பட்டதும் மூக்காயி அம்மா மறுபடியும் தொடங்கினார்.

"அவளுக்கு இன்னும் ஒண்ணுமே செய்யலடா. வீட்டுக்குப் போனதும் கருமாதி பண்ணிரணும். அய்யர்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

"சரிம்மா" என்றான் முத்துலிங்கம்.