சோத்துக்கைப் பிள்ளை

நகரிக்குப் பக்கத்து ஊர் மல்லிகாவின் மகன் தரணிக்கு ஆறாம் மாதம் சோறூட்டினார்கள். வழக்கப்படி பிள்ளையின் முன்னால் புத்தகம், பேனா, கொஞ்சம் நெல், ஒரு மோதிரம் எல்லாம் பரப்பி வைத்தார்கள். பேனா இடது பக்கம் இருந்தது. தரணி உடம்பையே முறுக்கித் திரும்பி, வலது கையை நீட்டி அதை எடுத்தான். வந்திருந்த சனம் கைதட்டியது. பீச்சாங்கைப் பக்கம் இருந்ததைக்கூடச் சோத்துக்கையால் எடுத்தானாம், நிச்சயம் கலெக்டர்தானாம். அப்பன் தமிழ்செல்வனுக்குத் தலைகால் புரியவில்லை.

மல்லிகா மட்டும் அந்த இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக மூடிக் கிடந்தது. குளிப்பாட்டும்போது பிரித்துவிட்டாலும் மறுபடி மூடிக்கொள்ளும். நாலாம் மாதத்திலிருந்தே இதைப் பார்க்கிறாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றாள். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு வியாதி தேடுகிறாயா என்று தமிழ்செல்வன் எரிந்து விழுந்தான். அவள் விடவில்லை. சண்டை போட்டாள், சோறாக்காமல் சுருண்டு படுத்தாள். அவள் வாயை அடைக்கப் புத்தூருக்குக் கூட்டிப்போனான். அங்கே எலும்புக்குக் கட்டுப் போடுகிற பெரியவர் கையைத் தடவிப் பார்த்து, எலும்பில் கோளாறில்லை, இது வேறே, திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்றார். எலும்பில் கோளாறில்லை என்பதை மட்டும் தமிழ்செல்வன் மடியில் கட்டிக்கொண்டு வந்து ஊரெல்லாம் சொன்னான். அதற்குமேல் மல்லிகா வாயைத் திறந்தால் பைத்தியம் என்ற பட்டம்தான் கிடைத்தது.

ஒன்றரை வயதில் இடது காலும் இழுத்த பிறகே திருப்பதி பஸ் ஏறினார்கள். பிறப்பை ஒட்டி மூளையில் ஏற்பட்ட பாதிப்பு என்றார் டாக்டரம்மா. கைக்குழந்தை ஒரு கையை மட்டும் நீட்டுவதே அதற்கு அடையாளமாம். அப்போதே பயிற்சி தொடங்கியிருந்தால் அந்தக் கை இன்னும் நன்றாகப் பழகியிருக்கும். இப்போதும் பலன் உண்டு, ஆனால் போன மாதங்கள் போனவைதான். முதலில் கவனித்தது யார் என்று கேட்டார்.

"யாருக்கும் தெரியல மேடம்," என்றான் தமிழ்செல்வன்.

திரும்பும் பஸ்ஸில் மல்லிகா, டாக்டரம்மா காட்டிய மாதிரி, பிள்ளையின் விரல்களைப் பிரித்துவிட்டுக்கொண்டே வந்தாள். புத்தூர் தாண்டியதும் தமிழ்செல்வன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ பெத்தவ. உனுக்குத் தெரிஞ்சிக்கினே இருந்திச்சே. அப்பவே சண்ட போட்டு என்னை இட்டுக்கினு வந்திருக்கணும்."

மல்லிகாவின் மடியில் அந்தக் கை மறுபடி மூடிக்கொண்டிருந்தது.